ராட்வைலர் வளர்ப்பவருக்கு என்ன பரிசு வாங்கலாம்? ஆறு வகைகள், ஓர் ஒப்பீடு

ராட்வைலர் வளர்க்கும் ஒருவருக்குப் பரிசு வாங்கக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். நாய்க்குப் பயன்படும் பொருளை வாங்குவதா, வளர்ப்பவர் பார்த்துப் பார்த்து மகிழ்கிற பொருளை வாங்குவதா? மெத்தையா, கடிக்கும் பொம்மையா, மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸா, ஓவியமா? கடையில் பார்க்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில்தான் குட்டு வெளிப்படும். பொம்மை இரண்டாகப் பிளந்து கிடக்கும். மெத்தையில் பாதி உடம்பும் தரையில் பாதி உடம்புமாக நாய் படுத்திருக்கும். ஹார்னஸின் கொக்கி மார்பைச் சுற்றி எட்டவே எட்டாது.

'பெரிய நாய்க்கு' என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் பொருள்களில் பல, 30 கிலோ நாயை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ராட்வைலர் அந்தக் கணக்கில் அடங்காது. ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் கசாப்புக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய் இது. சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் 147-ஆம் எண் தரவரையறைப்படி ஆண் நாய் 61 முதல் 68 செ.மீ. உயரம், சுமார் 50 கிலோ எடை. பெண் நாய் 56 முதல் 63 செ.மீ. உயரம், சுமார் 42 கிலோ. உயரத்தைவிட உடல்கட்டுதான் இங்கே முக்கியம். அகன்ற தலை, ஆழமான மார்பு, தடித்த கழுத்து. அதே உயரமுள்ள வேறு இன நாய்க்குப் பொருந்துவது இதற்குப் பொருந்தும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

நாயின் வயது. எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேளுங்கள். ஏறத்தாழ 18 மாதம் வரை குட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். எலும்பும் மூட்டும் இறுகியிருக்காது. இரண்டு முதல் ஆறு வயது வரை முழு பலத்தோடு இருக்கும். ராட்வைலரின் ஆயுள் பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுகள்தான் என்பதால், ஏழு வயதிலேயே அதை மூத்த நாயாகக் கருத வேண்டும். ஒரே பொருள் ஒரு வயதில் அருமையான பரிசு, இன்னொரு வயதில் வீண்.

பத்திரம். பொம்மையின் ஒரு துண்டு உடைந்து வயிற்றுக்குள் போனால் அது அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். பரிசாகக் கொடுத்த பொருளால் அந்த நிலை வந்தால் கொடுத்தவருக்கும் வளர்ப்பவருக்கும் அது தீராத வருத்தம்.

அளவு தெரியுமா? சில பரிசுகளுக்கு எடை தெரிந்தால் போதும். சிலவற்றுக்கு மார்புச் சுற்றளவு, கழுத்துச் சுற்றளவு, படுத்திருக்கும்போது நீளம் என்று எல்லாம் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. பணம் மட்டுமல்ல. இடம், துவைக்கும் வேலை, பழக்கும் நாள்கள், மாற்று உறை, தீர்ந்துபோகும் பொருள்கள் எல்லாம் இதில் அடங்கும். பரிசு வாங்கியவர் தலையில்தான் இவை வந்து விழும்.

வளர்ப்பவரின் முடிவில் தலையிடுகிறதா? தீனி, பயிற்சி முறை, மருந்து ஆகிய மூன்றிலும் வளர்ப்பவர் ஏற்கெனவே யோசித்து ஒரு வழியைப் பிடித்திருப்பார். அதைக் குழப்பும் பரிசு எவ்வளவு உயர்ந்ததானாலும் அலமாரிக்குள் போய்விடும்.

## 1. கடிக்கும் ரப்பர் பொம்மை

சுறுசுறுப்பான இளம் நாய் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள பரிசு குறைவு. உள்ளே குழியுள்ள, தீனி அடைத்துக் கொடுக்கும் கெட்டி ரப்பர் பொம்மையைத்தான் சொல்கிறோம். தனியாக இருக்கும் நேரத்தில் நாற்காலிக் காலைக் கடிக்காமல் நாய்க்கு அரை மணி நேரம் வேலை கிடைக்கும்.

வாங்கும்போது மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, நகச் சோதனை. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். மெல்லிய பள்ளம் விழுந்தால் சரி. கல்லுபோல் இருந்தால் வேண்டாம். மேல்தாடையில் பின்பக்கம் இருக்கும் பெரிய அறுக்கும் பல், இப்படிப்பட்ட கெட்டிப் பொருளைக் கடிக்கும்போதுதான் பக்கவாட்டில் பாளமாகப் பெயர்ந்து வரும். மான்கொம்பு, குளம்பு, கெட்டி நைலான் எலும்பு எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். 'உடையவே உடையாது' என்று விளம்பரம் செய்வதாலேயே ஒரு பொருள் ராட்வைலருக்கு ஏற்றதாகிவிடாது. பொம்மை உடையாவிட்டால் பல் உடையும்.

இரண்டாவது, அளவு. பொம்மை முழுவதும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் போய்விடக் கூடாது. டென்னிஸ் பந்து ஏறத்தாழ ஆறரை செ.மீ. விட்டம்தான், ராட்வைலரின் வாய்க்குள் அது முழுசாக அடங்கும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதன் மேலுள்ள துணி, மணலோடு சேர்ந்து பல்லின் எனாமலையும் தேய்க்கும். ஆகவே கடையில் இருக்கும் மிகப் பெரிய அளவைக் கேளுங்கள். ஒரே பொம்மை இரண்டு மூன்று கெட்டித்தன்மையில் கிடைத்தால் வளர்ந்த நாய்க்கு வலுவான கடிக்கென்று சொல்லும் வகை. குட்டிக்கும் பல் தேய்ந்த மூத்த நாய்க்கும் மென்மையான வகை.

மூன்றாவது, துளை. உள்ளே குழியுள்ள பொம்மைக்கு இரண்டு பக்கமும் துளை இருக்க வேண்டும். ஒரே துளை இருந்தால் நாய் நக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு உள்ளிழுக்கப்பட்டுச் சிக்கிக்கொள்ளும். நாக்கு வீங்கிவிட்டால் பொம்மையை வீட்டில் எடுக்க முடியாது.

கயிற்றுப் பொம்மையைப் பரிசாகத் தருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இழுத்து விளையாடும்போது மனிதர் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. தனியாக விட்டால் நூல் நூலாகப் பிரித்து விழுங்கும். நூல் ஒரு முனையில் மாட்டிக்கொள்ள, குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி ஏறும். உள்ளே பஞ்சும் கீச்சொலிக் குமிழும் வைத்த பொம்மை இந்த நாயிடம் பத்து நிமிடம் தாங்கினால் பெரிது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. அடைக்கும் தீனியும் உணவுதான்; நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அல்லது வழக்கமான உணவையே ஊறவைத்து அடைக்க வேண்டும். மூட்டுக் கோளாறுக்கு ஆளாகும் இனம் என்பதால் கூடுதல் எடை இதற்கு நல்லதல்ல. பீனட் பட்டர் அடைப்பவர்கள் பாட்டிலில் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த இனிப்பூட்டி நாய்க்கு விஷம். அடுத்தது கழுவும் வேலை. குழிக்குள் மிச்சம் காய்ந்து பூசணம் பிடிக்கும். பொம்மையோடு குறுகிய பாட்டில் பிரஷ் ஒன்றையும் வைத்துக் கொடுத்தால் வாங்கியவர் மனமார நன்றி சொல்வார்.

## 2. மூட்டுக்கு இதமான மெத்தை

ஐந்து வயதுக்கு மேற்பட்ட நாய் என்றால் முதல் இடம் இதற்குத்தான். இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு இரண்டிலும் வளர்ச்சிக் கோளாறு இந்த இனத்தில் அடிக்கடி வருகிறது. முழங்கால் தசைநார் கிழிவதும் உண்டு. 50 கிலோ உடம்பு கெட்டித் தரையில் நாளெல்லாம் படுத்து எழுந்தால் முழங்கையில் தோல் தடித்து முடி கொட்டும். சில நாய்களுக்கு அங்கே நீர் கோத்து உருண்டை போலத் தொங்கும்.

நுரையின் தடிமன் குறைந்தது 10 செ.மீ. இருக்கட்டும். கடையிலேயே மெத்தையைத் தரையில் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரத்தை அதில் இறக்குங்கள். முழங்காலுக்குத் தரை தட்டுப்பட்டால் நாயின் முழங்கைக்கும் தட்டும். துண்டுதுண்டாக நறுக்கிய நுரை அடைத்த மெத்தைகள் முதலில் புசுபுசுவென்று இருக்கும். சில மாதங்களில் நடுவில் குழி விழுந்து ஓரங்களில் மேடு தட்டிவிடும். முழுத் துண்டு நுரையா என்று ஜிப்பைத் திறந்து பாருங்கள்.

நீளத்துக்கு, நாய் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை அளந்து 20 செ.மீ. கூட்டுங்கள். வளர்ந்த ஆண் ராட்வைலருக்குப் பெரும்பாலும் 120 செ.மீ. நீளமும் 80 செ.மீ. அகலமும் வேண்டியிருக்கும். நாலு பக்கமும் வரம்பு உயர்த்திய மெத்தை வேண்டாம். பின்னங்கால் வலியுள்ள நாய் அந்த வரம்பைத் தாண்டி ஏறத் தயங்கி, பக்கத்திலேயே தரையில் படுத்துவிடும்.

உறைக்கு இரண்டு அடுக்கு தேவை. உள்ளே தண்ணீர் புகாத உறை, வெளியே கழற்றித் துவைக்கும் உறை. இந்த நாய்க்கு எச்சில் வடியும், மூத்த வயதில் சிறுநீர் கசியும். உள்ளுறை இல்லாத நுரை ஒருமுறை நனைந்தால் நாற்றம் போகாது. ஜிப்பின் நுனி துணி மடிப்புக்குள் மறைந்திருந்தால் கடிபடாது.

ஒரு சிக்கல் உண்டு. கருப்பு ரோமம், அடியில் இன்னொரு அடுக்கு ரோமம், பெரிய உடம்பு. சூட்டை இந்த நாய் நன்றாகத் தாங்காது. மெமரி ஃபோம் என்ற அமுங்கும் நுரை உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விலை உயர்ந்த மெத்தை கிடக்க, நாய் வெறும் தரையில் நீட்டிப் படுத்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படிப்பட்ட நாய்க்குச் சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டிய கட்டில் நல்லது. அடியில் காற்று ஓடும். 60 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூட்டு நோய் முற்றிய நாய்க்கு மட்டும் இந்தக் கட்டில் வேண்டாம், ஏனென்றால் அதற்கு 15, 20 செ.மீ. ஏறுவதே கஷ்டம்.

மெத்தை அறையின் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும், உறையைத் துவைக்கப் பெரிய இயந்திரம் வேண்டும், மாற்று உறை ஒன்று கட்டாயம் வேண்டும். பரிசோடு இரண்டாவது உறையையும் சேர்த்து வாங்குவது, மெத்தையின் தரத்தை ஒரு படி உயர்த்துவதைவிட உதவும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு மெத்தை வேண்டாம். ஒரே மதியத்தில் பிய்த்துப் போட்டுவிடும், நுரையை விழுங்கவும் செய்யும்.

## 3. ஹார்னஸ், கழுத்துப் பட்டை, லீஷ்

மூன்றையும் ஒன்றாகப் பேசினாலும் பரிசு என்று வரும்போது இவை ஒரே தரத்தில் இல்லை.

ஹார்னஸ் அளவு தெரியாமல் வாங்கவே கூடாத பொருள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் ஆழமான இடத்தில் சுற்றி அளக்க வேண்டும். முன்பக்கப் பட்டை மார்பெலும்பின் மேல் 'ஒய்' வடிவத்தில் இறங்க வேண்டும். தோளுக்குக் குறுக்கே நேர்கோடாகப் போகும் பட்டை, முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கம் கூடினால் அக்குளில் தோல் உரிந்துவிடும். தளர்ந்தால் நாய் பின்னோக்கி இழுத்து நழுவிவிடும்.

நாயைப் பிடித்து நடத்தும் வாரான லீஷை முதுகில் மாட்டும் ஹார்னஸ் இந்த நாய்க்கு இழுக்கச் சொல்லும் அழைப்பு. மார்பில் பாரம் விழுந்தால் முன்னோக்கிச் சாய்ந்து இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட உடம்பு இது. முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று என இரண்டு வளையம் உள்ளதாக வாங்கினால், இழுக்கும் பழக்கமுள்ள நாயை மார்பு வளையத்தில் மாட்டித் திருப்பலாம். 18 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வாங்கும் ஹார்னஸ் சில வாரங்களில் சின்னதாகிவிடும்.

லீஷ் நேர்மாறானது. அளவுக் கவலை இல்லை, எந்த வயதுக்கும் பொருந்தும், தினமும் கையில் இருக்கும். எண்ணெய் ஏற்றிய தோலில், 1.5 முதல் 1.8 மீட்டர் நீளம், சுமார் 2 செ.மீ. அகலம். நைலான் லீஷ் நாய் பாயும்போது உள்ளங்கையைச் சுட்டுவிடும். தோல் பழகப் பழக கைக்கு இணங்கும். கொக்கியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு சரி. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசிய கொக்கி பளபளவென்று இருக்கும், சுண்டி இழுக்கும்போது சுழலும் கழுத்துப் பகுதியில் படக்கென்று முறியும். கையில் எடுத்தால் எடையிலும் ஓரத்து வார்ப்புக் கோட்டிலும் வித்தியாசம் தெரியும்.

சுருள் லீஷைத் தவிர்த்துவிடுங்கள். 50 கிலோ நாய் ஐந்து மீட்டர் ஓடி வேகம் பிடித்தபின் கயிறு முடியும் இடத்தில் கிடைக்கும் இழுப்பில் பிடித்தவரே விழுந்துவிடுவார். சில நாடுகளில் சட்டமும் குறுக்கே வரும். அயர்லாந்தின் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி ராட்வைலர் பொது இடத்தில் வாய்க்கூடு அணிந்து, இரண்டு மீட்டருக்கு உட்பட்ட வலுவான லீஷில்தான் வர வேண்டும். வாங்குமுன் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டையில் அகலம் முக்கியம், 4 செ.மீ. அளவில் இருந்தால் பாரம் பரவும். முள் வைத்த பட்டை வேண்டவே வேண்டாம். இந்த இனத்தைக் கண்டு தெருவில் விலகிப் போகிறவர்களை வளர்ப்பவர் தினமும் பார்க்கிறார். நல்ல பிள்ளையாக வளர்த்த நாய்க்கு முரட்டு வேஷம் போடும் பரிசு அவர் மனத்தை நோகடிக்கும்.

## 4. சீவும், நகம் தேய்க்கும் கருவிகள்

ரோமம் குட்டையாக இருப்பதால் இதற்குச் சீவ வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் மேலே முரட்டு ரோமம், அடியில் மென்மையான ரோமம் என இரண்டு அடுக்கு. ஆண்டில் இரண்டு முறை அடி ரோமம் கொத்துக் கொத்தாக உதிரும். மற்ற நாள்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டு பொருள் போதும். வாரம் இருமுறை தேய்க்க ரப்பர் பற்கள் உள்ள பிரஷ். உதிரும் பருவத்துக்கு, முனை மழுங்கிய குட்டைப் பற்கள் உள்ள அடி ரோமச் சீப்பு. பிளேடு வைத்த உதிர்முடிக் கருவி முதல் நாள் மலைபோல் முடியை எடுத்துக் காட்டும். அழுத்தி அடிக்கடி இழுத்தால் மேல் ரோமத்தையும் அறுத்து முதுகில் மங்கலான திட்டு உண்டாக்கும்.

நகந்தான் கடினமான விஷயம். ராட்வைலரின் நகம் கருப்பு. உள்ளே ரத்தநாளம் எங்கே முடிகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் பலர் வெட்டப் பயந்து விட்டுவிடுகிறார்கள். நகம் நீண்டால் விரல் வளைந்து நடை கெடும். இங்கேதான் மின்சார நகத்தேய்ப்பான் நல்ல பரிசாகிறது. ஒரு தடவைக்கு 1 மி.மீ. அளவு தேய்த்து, நகத்தின் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் மாவு மாதிரி வெளுத்திருக்கும். நடுவில் கருமையான, ஈரம் தெரிகிற சிறு வட்டம் தோன்றியதும் நிறுத்திவிட வேண்டும். ஒரே இடத்தில் சில விநாடிக்கு மேல் வைத்தால் சூடேறும். குறைந்த சத்தமும், கெட்டி நகத்துக்கு முன் நின்றுபோகாத மோட்டாரும் வேண்டும். பூனைக்கும் குட்டி நாய்க்கும் செய்த சிறு கருவிகள் இந்த நகத்தில் அழுத்தியதும் நின்றுவிடும்.

இதன் மறைந்த விலை பொறுமை. சத்தத்துக்கும் அதிர்வுக்கும் நாயைப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் நாள் அணைத்த கருவியைக் காட்டி ஒரு தீனி. அப்புறம் ஓடும் கருவியைத் தூரத்தில் வைத்து ஒரு தீனி. அப்புறம்தான் ஒரே ஒரு நகம். தேய்க்கும் உருளைகளும் தீர்ந்துபோகும்; ஒரு கட்டு சேர்த்துக் கொடுங்கள். ரத்தம் நிறுத்தும் பொடி ஒரு டப்பாவும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

முதல் முறை நாய் வளர்ப்பவருக்கு இந்தத் தொகுப்பு மிகப் பொருத்தம். பல ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் எல்லாம் இருக்கும்.

## 5. பயிற்சி வகுப்பு

வேலை செய்யப் பிறந்த இனம் என்பதால் மோப்ப விளையாட்டு, கீழ்ப்படிதல், வண்டி இழுத்தல் எல்லாம் இதற்கு ஒத்துவரும். குட்டி வந்த வீட்டுக்குச் சமூகப் பழக்க வகுப்பு பொம்மையைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

ஆனால் பயிற்சியாளரை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். அடித்தும் மின்பட்டை போட்டும் பழக்குபவரிடம் போய்ச் சேர்ந்தால் நாய் கெட்டுவிடும். கட்டணத்தை உறையில் வைத்து, எங்கே சேர்ப்பது என்பதை வளர்ப்பவரிடமே விட்டுவிடுங்கள். குட்டி என்றால் தடுப்பூசி முடிந்த கட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்; பார்வோ என்ற வைரஸ் நோய் ராட்வைலர் குட்டிகளைக் கடுமையாகத் தாக்கும். வண்டி இழுக்கும் பயிற்சி எலும்பு வளர்ச்சி முடிந்து, இடுப்பையும் முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான்.

## 6. ஓவியம், புகைப்படம், பாதத் தடம்

வளர்ப்பவருக்கென்றே கொடுக்கும் பரிசுகளில் கோப்பையும் டீஷர்ட்டும் எளிது, மலிவு, சீக்கிரம் மறந்துபோகும். அவற்றிலுள்ள படம் யாரோ ஒருவருடைய நாய். பெரும்பாலும் வால் வெட்டிய நாய். ஜெர்மனியில் 1998 முதல் வால் வெட்டுவதற்குத் தடை இருக்க, சர்வதேசத் தரவரையறையும் இயற்கையான வாலையே கேட்கிறது. நீண்ட வாலோடு நாய் வளர்ப்பவருக்கு மொட்டை வால் படம் போட்ட கோப்பை சொந்தமாகத் தோன்றாது.

அந்த நாயையே பார்த்து வரைந்த ஓவியம் வேறு ரகம். கொடுக்கும் படம் சரியாக இருந்தால்தான் வரைபவர் சரியாக வரைவார். கருப்பு நாயைப் படமெடுப்பதில் தனிச் சிக்கல் உண்டு. வெயிலில் எடுத்தால் முகம் முழுக்கக் கருப்புத் திட்டாகிவிடும், கண் தெரியாது. போனில் நாயின் மேல் தொட்டால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி ரோமத்தைச் சாம்பலாக்கிவிடும். நிழலில், அல்லது மேகமூட்டமான நேரத்தில், பக்கவாட்டு வெளிச்சம் முகத்தில் விழும்படி, நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். தொட்டபின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சிட்டால் அந்தப் படம் தேறும்.

வரைந்து வந்ததும் அடையாளங்களைச் சரிபாருங்கள். கண்ணுக்கு மேலே ஒவ்வொன்றாக இரண்டு பழுப்புப் பொட்டு. மூக்கின் பக்கங்களில் பழுப்பு, ஆனால் மூக்குத்தண்டின் மேல்பகுதி கருப்பு. மார்பில் தனித்தனியாக இரண்டு திட்டு. வாலடியில் பழுப்பு. பாதத்தின் பழுப்பு விரல்களின் மேல் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கருங்கோடுகள். இந்தக் கோடுகளை வரைபவர்கள் அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. வளர்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

நாய்க்கு ஏழு வயதைத் தாண்டிவிட்டால் பாதத் தடம் எடுக்கும் தொகுப்பை யோசியுங்கள். இந்த இனத்தில் எலும்புப் புற்றுநோய் அதிகம். நாள் கடத்தினால் வாய்ப்பே போய்விடலாம். கடையில் கிடைக்கும் தொகுப்புகளில் பல, குழந்தைக் கைக்கும் சின்ன நாய்க்கும் அளவெடுத்தவை. முன்னங்கால் பாதம் பின்னங்காலைவிடப் பெரியது; அதற்கு 13 செ.மீ. விட்டமாவது உள்ள வட்டம், ஒன்றரை செ.மீ. தடிமனில் காற்றில் உலரும் களிமண் தேவை. நாயை நிற்கவைத்து, பாதத்தை மேலே வைத்து, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அழுத்தி, நேராக மேலே தூக்க வேண்டும். உப்பு மாவு பிசைந்து செய்யும் முறை வேண்டாம். அந்த மாவை நாய் தின்றுவிட்டால் உப்பு விஷமாகி உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடேறும். அதில் பாதத்தை நேராக வைக்கக் கூடாது. நாயை இழந்து சில வாரமே ஆன ஒருவருக்கு ஓவியம் கொடுப்பதானால், முதலில் அவருடைய வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| பரிசு | மிகப் பொருத்தமான நிலை | தெரிந்திருக்க வேண்டியது | மறைந்த செலவு | தவறினால் என்ன |
|---|---|---|---|---|
| ரப்பர் பொம்மை | 1 முதல் 6 வயது | எடை, கடியின் வலு | கலோரி, கழுவுதல் | பல் உடைவு, அடைப்பு |
| மெத்தை | 5 வயதுக்கு மேல் | படுத்த நீளம், தரையில் படுக்கும் பழக்கம் | இடம், மாற்று உறை | நாய் படுக்காது |
| ஹார்னஸ் | வளர்ச்சி முடிந்த நாய் | மார்புச் சுற்றளவு | அளவு மாற்றும் அலைச்சல் | தோல் உரிதல், நழுவுதல் |
| தோல் லீஷ் | எந்த வயதும் | ஊர் விதி | எண்ணெய் பூசுதல் | கொக்கி முறிவு |
| நகத்தேய்ப்பான், சீப்பு | புதிதாக வளர்ப்பவர் | கையில் ஏற்கெனவே உள்ளதா | பழக்கும் வாரங்கள், உருளைகள் | பயன்படாமல் கிடக்கும் |
| பயிற்சிக் கட்டணம் | குட்டி, இளம் நாய் | தடுப்பூசி நிலை | நேரம், பயணம் | தவறான பயிற்சி முறை |
| ஓவியம், பாதத் தடம் | மூத்த நாய், எல்லாம் வாங்கிவிட்டவர் | நல்ல படம் | காத்திருக்கும் நாள்கள் | வேறு நாய் போலத் தெரியும் |

## இரண்டுக்கு நடுவே நிற்பவர்களுக்கு

மெத்தையா பொம்மையா என்றால் வயதைப் பாருங்கள். நான்கு வயதுக்குக் கீழே பொம்மை, ஐந்துக்கு மேலே மெத்தை. ஹார்னஸா லீஷா என்றால், அளவு கையில் இல்லாதவரை லீஷ்தான். கருவித் தொகுப்பா ஓவியமா என்பது வளர்ப்பவரைப் பொறுத்தது. முதல் நாய் என்றால் கருவி. மூன்றாவது ராட்வைலரை வளர்ப்பவருக்கு ஓவியம். நாயை நேரில் பார்த்ததே இல்லை, எதுவும் தெரியாது என்றால் தோல் லீஷும், பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்துக்கொள்ளும் வெற்று எஃகு வில்லை ஒன்றும் போதும்.

எந்த வயதிலும் வாங்க வேண்டாதவை சில. வெந்த எலும்பும் பச்சைத்தோல் கடிபண்டமும் அடைப்பு உண்டாக்கும். மூட்டு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. உயர்த்திய தட்டு ஸ்டாண்டு அழகான பரிசாகத் தோன்றும். பெரிய இன நாய்களை வைத்துப் பர்டியூ பல்கலைக்கழகம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வு, உயர்ந்த தட்டில் தின்ற நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடியதாகக் கண்டது. ராட்வைலரும் மார்பு ஆழமான இனம். கழுத்து வலியுள்ள நாய்க்கு மருத்துவர் சொன்னால் ஒழிய அதை விட்டுவிடலாம். மடக் மடக்கென்று விழுங்கும் நாய்க்கு, தடுப்புகள் வைத்த மெதுவாகத் தின்னும் தட்டு தரையிலேயே வைக்கத் தகுந்தது.

## வளர்ப்பவருக்குத் தெரியாமல் அளவெடுக்க

எடை மருத்துவர் அட்டையில் இருக்கும். வீட்டில் வேறு யாரிடமாவது கேட்டால் கிடைத்துவிடும். பழைய ஹார்னஸின் உட்புறத்தில் தைத்திருக்கும் அளவுச் சீட்டையும், பட்டை எந்தத் துளையில் மாட்டப்படுகிறது என்பதையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசித் துளையில் மாட்டப்பட்டிருந்தால் அடுத்த பெரிய அளவு வாங்க வேண்டும்.

மெத்தைக்கு, நாய் பக்கவாட்டில் நீட்டித் தூங்கும்போது தரையோடு தெரியும்படி மேலிருந்து ஒரு படம் போதும். ஓடுகளை எண்ணி ஓர் ஓட்டின் அளவால் பெருக்கினால் நீளம் வந்துவிடும். சுருண்டு படுத்திருக்கும் படத்தை வைத்து அளக்காதீர்கள். மூட்டு வலி உள்ள நாய் பெரும்பாலும் கால் நீட்டித்தான் படுக்கும். மார்புச் சுற்றளவுக்கு ஒரு நூலைச் சுற்றி, விரலால் பிடித்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அப்புறம் அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நாய் உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் அளவு மாறும். நிற்கும்போதே அளக்க வேண்டும். ரசீதைப் பரிசுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். ஹார்னஸை வீட்டுக்குள் கால் மணி நேரம் போட்டுப் பார்த்து, அக்குளிலும் மார்பெலும்பிலும் ரோமம் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகு அட்டையைக் கிழிக்கச் சொல்லுங்கள்.